எகிப்து வழியாக வீட்டுக்கு வந்தவள்

காலையில் தேனம்மையின் துணிகளை ஊறப்போட்டு அலசினேன். தண்ணீரைச் சாய்த்தபோது வாளியின் அடியில் மணல் படிந்திருந்தது. நம் பக்கத்துச் செம்மண் இல்லை. வறுத்த ரவை நிறத்தில், விரலில் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு நைசான மணல். முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. இருந்தாலும் அதைச் சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. கறிவேப்பிலைச் செடியின் தூரில் ஊற்றினேன்.

எகிப்து மணல். உங்கள் பேத்தி எகிப்துக்குப் போய்விட்டு வந்துவிட்டாள். கோயில்களையும் ராஜாக்களின் கல்லறைகளையும் பார்த்தாள். பார்த்துவிட்டு நேரே இங்கே வந்தாள். ஒரு வாரம் இருந்தாள். நேற்று ரயில் ஏறினாள். அழுக்குத் துணியைக் கட்டில்மேல் குவித்துவைத்துவிட்டு, "அடுத்த மாசம் வந்து எடுத்துக்கிறேன் அப்பத்தா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பேத்தி அழுக்குத் துணியை விட்டுப் போனதற்கா இவ்வளவு சந்தோஷம் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்கள் காரியம் முடிந்து போனவள் போன வாரம் வரைக்கும் இந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பையனும் மருமகளும் மஸ்கட்டில் இருந்த காலம் முழுவதும் அவள் நம்மிடம்தானே வளர்ந்தாள். முறைப்படி என் பெயரை அவளுக்கு வைத்ததில் உங்களுக்குத்தான் கொண்டாட்டம். கல்யாணமான நாளிலிருந்து என்னை "இந்தா" என்று மட்டுமே கூப்பிட்டு வந்த மனுஷர், அவள் வந்த பிறகு கடையிலிருந்து திரும்பியதும் முகப்பில் நின்று "தேனம்மை, தேனம்மை" என்று வீடு அதிரக் கூப்பிடுவீர்கள். அடுப்படியில் நான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பேன்.

எகிப்துப் பைத்தியம் அவளுக்குப் பிடித்தது பள்ளிக்கூட நூலகத்திலிருந்து அந்தப் படப்புத்தகத்தைக் கொண்டுவந்தாளே, அன்றைக்கு. சாயங்காலம் உங்கள் பெயிண்ட் கடையில் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். நான் காப்பி கொண்டுவந்த நேரங்களில் கேட்டிருக்கிறேன்.

"ஐயா, இந்தக் கல்லறைச் சுவத்துல வரஞ்சு மூவாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சாம். கலரு அப்படியே இருக்காம்."

"உரியலையா?"

"உரியலையாம்."

"அப்ப பெயிண்டுக்கு அடியில என்ன ப்ரைமர் அடிச்சாகன்னு போட்டிருக்கா, பாரு."

பிள்ளை அதை நிஜமென்று நம்பிப் பக்கம் பக்கமாகத் தேடும். ஒக்கூர்க்காரர் ஒருவர், போன ஐப்பசிக்கு அடித்த பெயிண்ட் இந்த ஐப்பசி மழைக்குத் தோலாட்டம் உரிந்து தொங்குகிறது என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டாரே, நினைவிருக்கிறதா? இவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "எகிப்துல உரியலையாம்" என்றாள். "அப்ப நான் அங்கேயே போயி வாங்கிக்கிறேந்தா" என்றார் அவர். நீங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போய், நான்தான் தலையில் தட்டினேன். கோபமாக வந்தவரும் சிரித்துவிட்டார்.

அவள் சென்னையில் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷமே நீங்கள் போய்விட்டீர்கள். அவள் வந்தாள். கூட்டத்துக்குள் ஓர் ஓரமாக நின்றாள். காரியம் முடியும்வரை இருந்தாள். முடிந்த அன்று சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பெட்டிக்கடைக்குப் போனாலும், முகப்பில் இருக்கும் உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பி "ஐயா, போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிற பிள்ளை அது. அன்றும் பழக்கத்தில் திரும்பினாள். "ஐயா, போயி..." என்று வாயெடுத்தாள். வளவு முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் தம்பி பெண்டாட்டி ஓடிவந்தாள்.

"அடியே, வாய மூடு! கேத வீட்டுல சொல்லிக்கிட்டா கெளம்புவாக? திரும்பிப் பாக்காமப் போ!"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற யாரும் போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. சொன்னால் அதே மாதிரி ஒன்றுக்காகத் திரும்பி வர நேர்ந்துவிடும் என்கிற பயம். காலங்காலமாக நாம் எல்லோரும் அப்படித்தான் வாய் மூடி இறங்கிப் போயிருக்கிறோம். பிள்ளையும் இறங்கிப் போனது. திரும்பிப் பார்க்காதே என்றால் அந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும்தான். அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

தீபாவளி வந்தது. பரீட்சை என்றாள். பொங்கலுக்குக் காய்ச்சல். உங்கள் வருஷத் திவசத்துக்கு ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. குடும்பத்தில் இறந்துபோனவர்களுக்கு இலை போட்டு, புதுத்துணி வைத்துக் கும்பிடுகிற நம் படைப்புக்காவது வருவாள் என்று பார்த்தேன்; அன்றைக்கும் ஏதோ ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள். சாப்பிட்டீகளா, மாத்திரை போட்டீகளா என்று கேட்பாள். உங்கள் பேச்சை எடுக்க மாட்டாள். வீட்டைப் பற்றியும் கேட்க மாட்டாள். ஒரு தடவை கல்லூரிப் பிள்ளைகளோடு கீழடி வரைக்கும் வந்துவிட்டு, இங்கே எட்டிப் பார்க்காமல் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அதைப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் தம்பி பெண்டாட்டிக்கு எப்போதும் வாய் சும்மா இராதே. "ஆச்சி, பட்டணத்துல பழகின புள்ள. இனி இது அதுக்கு என்ன வீடு? நமக்கப்புறம் பூட்டிக் கெடக்கும்னு வச்சுக்கங்க" என்றாள். "நீ போயி அடுப்பப் பாரு" என்றேன். அவள் போன பிறகு அவள் சொன்னதுதான் காதில் கிடந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்பத்தா, காலேஜ்ல எகிப்துக்குக் கூட்டிட்டுப் போறாக. நானும் போறேன்" என்றாள்.

இங்கே வராத வருத்தமெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அந்த நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லல் கடைவீதி முழுக்கச் சொன்னேன். காய்கறிக்காரம்மாவிடம் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் சொன்னேன்.

"எகிப்துக்கு எதுக்கு ஆச்சி?" என்று கேட்டார் மளிகைக் கடைக்காரர்.

"கோயில் பாக்க."

"கோயில் பாக்கவா? குன்றக்குடி இந்தா இங்குட்டு இருக்கு. அதுக்கு ஏன் அம்புட்டுத் தூரம்?"

"அது பழைய கோயிலுய்யா. சாமி போயிருச்சு, கோயில் மட்டும் நிக்குது."

எனக்கு அப்படி ஒரு பெருமை. வீட்டுக்கு வந்தால் உங்கள் தம்பி பெண்டாட்டி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"கோயிலு சரி ஆச்சி. கல்லறைக்குள்ளயும் எறங்குவாகளாமே? ஊர்ல ஒரு கேதத்துக்குப் போனாலே தல முழுகிட்டுத்தான் வீட்டுக்குள்ள வாரோம். இது ராசாக் கேதம்ல?"

அப்படிச் சொன்னவளே மறுநாள் அடுப்படிக்கு வந்து, சீப்புச் சீடைக்கு மாவு பிசைந்து, "புள்ள அங்க என்னத்தத் திங்குமோ" என்று புலம்பிக்கொண்டே பிழிந்து தள்ளினாள். சீடையும் மாவுருண்டையும் ஒரு டப்பா நிறைய அடைத்துச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினோம். அது எகிப்து வரைக்கும் போயிருக்கிறது.

அங்கே போன பிறகு பிள்ளை வேறு பிள்ளையாகிவிட்டது. தினமும் போன். இங்கே நாம் விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு அங்கே இன்னும் வெயில் அடிக்கிறது. ஒரு கோயிலைக் காட்டினாள். தூண் என்றால் அப்படித் தூண். "நம்ம முகப்புத் தூணு இதுக்குப் பக்கத்துல வெளக்குமாத்துக் குச்சி, அப்பத்தா" என்றாள். அதன் அடியில் போய் நின்று காட்டினாள். எறும்பு மாதிரித் தெரிந்தாள். தூண் உச்சியில் வெயில் படாத இடத்தில் இன்னும் நீலமும் சிவப்பும் ஒட்டிக்கொண்டிருந்தன. உங்கள் கடை ஷேடு கார்டில் கூட அப்படி ஒரு நீலம் இருந்ததாக நினைவில்லை. ப்ரைமர் என்கிற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. அவள் உங்கள் பேச்சை எடுக்கவில்லை. நானும் விழுங்கிக்கொண்டேன்.

கல்லறைகளுக்குப் போகத் தொடங்கியதும் உங்கள் தம்பி பெண்டாட்டி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு எத்தன கல்லறைடி?"

"மூணு, சின்னப்பத்தா."

"குளிச்சியா?"

"அவுக செத்து மூவாயிரம் வருசம் ஆச்சு சின்னப்பத்தா. தீட்டு இன்னுமா இருக்கும்?"

உங்கள் தம்பி பெண்டாட்டி அதை நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தாள். "பங்காளியா இருந்தாத்தான் நாள் கணக்கு. அவுக நமக்குப் பங்காளி இல்ல. தலைக்கு ஒரு சொம்பு ஊத்திக்க, போதும்."

அந்தக் கல்லறைகளின் படங்களையும் அனுப்புவாள். மண்ணுக்குள் குடைந்த அறை. சுவர் முழுக்க உழவு, அறுப்பு, மீன்பிடி, விருந்து. செத்தவர்களுக்கு முன்னால் ரொட்டியும் பழமும் வாத்தும் வெங்காயமும் மலைபோலக் குவித்து வரைந்திருக்கிறார்கள். "இவுகளும் படைப்புப் போட்டிருக்காக, பாத்தீகளா?" என்று கேட்டிருந்தாள். ஒரு படத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்டாட்டி அவர் தோளைச் சுற்றிக் கை போட்டிருக்கிறாள். எல்லோரும் பார்க்க, கூச்சமே இல்லாமல். நாம் ஸ்டூடியோவில் எடுத்த ஒரே ஒரு படத்தில் நமக்கு நடுவில் ஒரு பூந்தொட்டி இருக்கிறது.

பிறகு அந்தச் சாயங்காலம். விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தால் திரையில் அவள் முகம் வெளிறிப்போய் இருக்கிறது. ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் வெறும் மலை, ஒரு பச்சை இல்லை.

"அப்பத்தா, நீங்க மட்டும் இருக்கீகளா?"

"சின்னப்பத்தா கோயிலுக்குப் போயிருக்கா. என்னத்தா? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

திரியை விட்டுவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். அன்றைக்குப் பார்த்தது ராஜா கல்லறை இல்லை. யாரோ ஒரு அதிகாரியுடையது, சின்னது. சுவரில் அந்தப் பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் காலடியில், நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் பிள்ளை. இவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கூட வந்தவர்கள் மேலே ஏறிப் போய்விட்டார்கள். நீள அங்கி போட்ட காவல்காரர் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். இவள் கிளம்பியவள், அந்த நாற்காலிப் பக்கம் திரும்பி, "போயிட்டு வாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"கல்லறைக்குள்ள நின்னு சொல்லிட்டேன் அப்பத்தா. சொல்லக் கூடாதுல்ல? பழக்கத்துல வந்துருச்சு."

எனக்கும் பயம்தான், மறைப்பானேன். பிள்ளை கடல் தாண்டி இருக்கிறது. இனிமேல்தான் விமானம் ஏற வேண்டும். நான் வாய் திறப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயாகிட்ட சொல்ல விடல. யாரோ ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன். அன்னைக்குத் திரும்பிப் பாக்காமப் போன்னாக, போயிட்டேன். அதுக்கப்புறம் எப்படித் திரும்பி வாரதுன்னே தெரியல அப்பத்தா. வாரேன்னு சொல்லாமப் போன வீட்டுக்கு எப்படி வாரது? கீழடி வரைக்கும் வந்துட்டு, அங்குட்டு பஸ்ஸுல உக்காந்து அழுதுக்கிட்டே போனேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பரீட்சையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அன்றைக்குப் பாதியில் நின்ற அந்தச் சொல்லைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பிள்ளை இத்தனை நாளும் வாசலுக்கு வெளியிலேயே நின்றிருக்கிறது.

என்ன சொல்வது? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்தேன். யோசித்ததும் வாயில் வந்துவிட்டது.

"ஏத்தா, அந்தப் பெரிய மனுசருக்குத் தமிழ் தெரியுமா?"

அழுகைக்கு நடுவில் ஒரு விக்கல் மாதிரிச் சிரிப்பு வந்தது. "தெரியாது."

"அப்ப விடு. யாரோ ஒரு புள்ள வந்துச்சு, என்னமோ சொல்லிச்சு, போயிருச்சுன்னு கெடப்பாரு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். நான் போனை முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டேன்.

"இங்க பாருத்தா. கேத வீடு எம்புட்டு நாளைக்குக் கேத வீடு? காரியம் முடிஞ்சுச்சு. வருசத் திவசமும் முடிஞ்சுச்சு. போன மாசம் இதே வளவுல சின்னப்பத்தா பேரனுக்குத் தொட்டில் கட்டிப் பேரு வச்சோம். இது கேத வீடு இல்ல, உன் வீடு. வா. வந்து இரு. இருந்துட்டுப் போறப்ப, வாய் நெறையச் சொல்லிட்டுப் போ. யாரு தடுக்கிறான்னு நான் பாக்குறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ப்ரைமர் இருக்கு அப்பத்தா."

"என்னது?"

"சுவத்துல வைக்கோல் கலந்த மண்ணப் பூசி, அதுக்கு மேல வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி ஒண்ண மெல்லிசா இழுத்துட்டுத்தான் வரஞ்சிருக்காக. சார்கிட்டக் கேட்டேன். ஐயா கேட்டாகல்ல? அதோட இங்க மழையே பேயாதாம்."

"அதானே பாத்தேன்! அந்த ஒக்கூர்க்காரர் வந்தா இனி பதில் சொல்லிரலாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். "ஐயா கேட்டாகல்ல" என்று அவள் சொன்னபோதே எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது.

மீதிப் பாதி வருவதற்குத்தான் நாளானது. அவளிடம் தைரியமாகப் பேசிவிட்டேனே தவிர, கல்லறைக்குள் சொன்ன சொல் என் மனசில் முள்ளாகக் கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நாட்டரசன்கோட்டை அம்மன் கோயிலுக்குப் போய், "ஆத்தா, அவள் சொன்னது அந்தக் கல்லறைக்கு இல்லை, எங்கள் வீட்டு நாற்காலிக்கு. நீயே சரியான இடத்தில் சேர்த்துவிடு" என்று வேண்டிக்கொண்டு வந்தேன். அவள் விமானம் ஏறிய அன்று எதை எடுத்தாலும் கைதவறியது. பையன் போன் பண்ணி "எறங்கிட்டா ஆத்தா" என்ற பிறகுதான் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்தேன்.

சென்னையில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. காரைக்குடியில் ரயில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் முகப்புப் படியில் ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே நின்றிருந்தாள். உங்கள் நாற்காலியைப் பார்க்கிறாள். ஏறுவாளா, இறங்கிவிடுவாளா? அப்போது பார்த்து உங்கள் தம்பி பெண்டாட்டி, கையில் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்துச் சந்திலிருந்து வந்தாள்.

"அங்கேயே நில்லு! அம்புட்டுக் கல்லறையையும் மிதிச்சிட்டு நேரா முகப்புல ஏறுறாளே! பின்னால வாடி!"

"சின்னப்பத்தா, நான் அங்கேயே குளிச்சிட்டேன்!"

"அது அந்த ஊரு தண்ணி. இது நம்ம தண்ணி."

பேண்ட் சட்டையோடு சேர்த்துக் குடத்தைக் கவிழ்த்தே விட்டாள். பிள்ளை கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. அழுதுகொண்டு வருவாளோ என்று பயந்திருந்தேன். சிரித்துக்கொண்டே, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பின்கட்டு வழியாக உள்ளே வந்தாள். அப்படி ஒரு நிம்மதி எனக்கு உங்கள் பையன் பிறந்தபோதுதான் வந்தது.

அந்த ஒரு வாரமும் உங்கள் நாற்காலியில் அவள்தான். போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளி, இது இன்ன ராஜா, இது இன்ன ராணி என்று எங்கள் இருவருக்கும் சொன்னாள். நடுநடுவில் உங்கள் கடை, உங்கள் குறட்டை, உங்கள் ஸ்கூட்டர் எல்லாம் வந்தன. நேற்றுக் கிளம்பும்போது நாற்காலிப் பக்கம் திரும்பிச் சொன்னாள். முழுசாகச் சொன்னாள். உங்கள் தம்பி பெண்டாட்டி தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். ஆனால் அவள் வாய் அவள் வாய்தானே. "அடுத்த தடவ வரும்போது அந்தச் சீடை டப்பாவ மறக்காம எடுத்துட்டு வா" என்றாள்.

ஆட்டோ வரைக்கும் நான் கூடப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டேன்.

"நாளைக்கு நானும் போயிருவேன்ல. அப்ப காரியம் முடிஞ்சு கெளம்புறப்ப, என்கிட்டச் சொல்லிட்டுத்தான் நீ போகணும். யாரு என்ன சொன்னாலும்."

"கூடாதுன்னு சின்னப்பத்தா கத்துவாகளே."

"கத்தட்டும். எனக்குக் காது கேக்காதுல்ல, நீ சத்தமாச் சொல்லு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஆட்டோவுக்குள் ஒரு காலை வைத்தவள் இறங்கி வந்து, என் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு, "சரி அப்பத்தா" என்றாள்.

உங்களிடம் நான் அப்படி விடைபெற்றதே இல்லை. கிளம்புகிறவர்கள்தானே விடைபெற வேண்டும்; எனக்கு அந்த வேலை வரவில்லை. எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் நான் இங்கேயேதான் இருக்கிறேன். நாளைக்கு நான் போன பிறகு, இந்த வாசலில் நின்று என் பக்கம் பார்த்து, போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல ஒரு பிள்ளை இருக்கிறது. அவள் சொன்ன அந்தச் "சரி"யை மடியில் முடிந்து வைத்திருக்கிறேன்.